போத்தலில் ஒட்டிய பிளாஸ்டர்

எங்கள் குசினி அலுமாரியின் மேல்தட்டில் வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல் ஒன்று இருக்கிறது. சிவப்பு மூடி. உள்ளே கறுவாப்பட்டையும் கித்துள் பனைப் பாணியும் சேர்த்து வறுத்த கச்சானும், அதாவது நிலக்கடலையும், கொஞ்சம் கஜு என்கிற முந்திரியும். போத்தலின் வெளிப்பக்கத்தில், பாதிக்குச் சற்று மேலே, புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வெள்ளைப் பிளாஸ்டர் ஒரு துண்டு குறுக்காக ஒட்டியிருக்கிறது. ஓரங்கள் அழுக்கேறிச் சுருண்டுபோயிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் போத்தலில் வெடிப்பு விழுந்துவிட்டது, இவள் கஞ்சத்தனத்தில் பிளாஸ்டர் போட்டு வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் ஒருத்தி, "ஒரு நல்ல போத்தல் வாங்கித் தரவா?" என்று கேட்டேவிட்டாள். போத்தலில் வெடிப்பு ஒன்றும் இல்லை. அந்தப் பிளாஸ்டர் என் ராத்தா தொடங்கி வைத்த எல்லைக்கோடு. ராத்தா என்பது எங்கள் வீடுகளில் கூடப்பிறந்த அக்காவைக் கூப்பிடும் பெயர்.

நாங்கள் இருவரும் கம்பளையில் பிறந்தவர்கள். வாப்பாவுக்குக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை இருந்தது. ராத்தாவைக் கண்டியில் கட்டிக்கொடுத்தார்கள். பின்னர் எனக்கும் கண்டியிலேயே மாப்பிள்ளை அமைய, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து மலைச்சரிவில் அவள் வீட்டோடு ஒட்டிய வீட்டை நானும் என் கணவரும் வாங்கினோம். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், பின்பக்கம் ஒரே முற்றம். ராத்தா என்னைவிடக் குள்ளம். குரல் மட்டும் பெரிது. கோபத்தை அவளால் மெதுவாகப் பேச முடியாது. சிரிப்பையும் அப்படித்தான். அவளுக்குப் பொய் சொல்ல வராது. மற்றவர்களும், முக்கியமாகத் தன் புருஷனும், தன்னிடம் பொய் சொல்வார்கள் என்று அவளுக்குத் தோன்றவும் செய்யாது. அவள் புருஷன், எனக்கு மச்சான், அதற்கு நேர்மாறு. உயரமான, அமைதியான மனிதர். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். காலையில் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடங்களில் இறக்கிவிட்டு மத்தியானம் திரும்ப ஏற்றிவருவார். எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பை வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எத்தனை லட்டு ஒளிந்திருந்தது என்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

மச்சானுக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய். நெடுநாளாக இருந்தது, அவரும் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு வேன்காரர்கள் எல்லாரும் வேனை ஓர் ஓரமாகப் போட்டுவிட்டு ஒரு தேத்தண்ணிக் கடையில் கூடுவார்கள். ரோல்ஸ், பற்றிஸ், சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணி, அதற்கு மேல் ஒரு துண்டு கேக். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வலது கால் பெருவிரலில் செருப்பு கடித்த ஒரு சின்னக் காயம் ஆறாமல் இழுக்கத் தொடங்கியது. முதலில் மஞ்சள் பூசினார். பிறகு கிளினிக்குக்குப் போனார். அங்கே டொக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சீனியைக் குறைக்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும், அப்போதும் அடங்காவிட்டால் பாதத்துக்கும் பயம்தான் என்று சொல்லி அனுப்பினார். ராத்தா அன்றைக்கு முற்றத்தில் நின்றுகொண்டு மேல்வீடு கீழ்வீடு எல்லாம் கேட்கச் சொன்னாள்: "அது பிரேக் மிதிக்கிற கால். அது போனா வேனும் போச்சு, சோறும் போச்சு. இனிமே உங்கட வாய்க்குள்ள போற எல்லாம் என்ட கையால தான் போகணும்." மச்சான் சிரித்தார். ராத்தா உள்ளே போய் அழுதாள். அவள் அழுததை நான் சுவருக்கு இப்பாலிருந்து கேட்டேன்.

கிளினிக்கில் இருக்கும் நேர்ஸை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். ரோல்ஸுக்கும் கேக்குக்கும் பதிலாக ஒரு கைப்பிடி வறுத்த கச்சான் சாப்பிடலாம் என்று அந்த மிஸ்ஸி சொல்லியிருந்தார். ராத்தா அதைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் வெறும் வறுத்த கச்சானை வைத்து மச்சானைக் கேக்கிலிருந்து பிரிக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். இனிப்பு வாய்க்காரர் அவர். அதனால் கொஞ்சம் இனிப்பும் நிறைய வாசமுமாக ஒன்றைச் செய்யப் பார்த்தாள். முதல் இரண்டு தடவை தாச்சியில் பாணியைக் காய்ச்சிக் கச்சானைப் போட்டுப் புரட்டினாள். அது கட்டிபட்டுப் பல்லை உடைக்கும் பதத்தில் வந்தது. பாணியும் அளவுக்கு மேல் இழுத்தது. பிறகு யாரோ சொல்லிக்கொடுத்த முட்டை வழிக்கு மாறினாள். முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் எடுத்து நுரை கிளம்ப அடித்து, அதில் ஒரு கரண்டி கித்துள் பாணி, அப்போதுதான் இடித்த கறுவாத்தூள், நான்கைந்து ஏலக்காய், கராம்பு, சாதிக்காய் கொஞ்சம், உப்பு, கடைசியாக ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். அந்த நுரையில் கச்சானையும் கஜுவையும் போட்டுப் பிரட்டினால் ஒவ்வொரு பருப்பின் மேலும் தூள் மெல்லிசாகப் பிடித்துக்கொள்ளும். சீனிப் பாகு தேவையே இல்லை. சின்ன ஓவன் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, குறைந்த சூட்டில் வைத்து, இடையில் ஒரு தடவை வெளியே எடுத்துக் கிளறிவிட வேண்டும். சூட்டைக் கூட்டினால் கறுவா கசந்துவிடும். இறக்கியதும் நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு போத்தலில் போட்டால் வியர்த்து நமத்துப்போகும். மிஞ்சிய மஞ்சள் கருவெல்லாம் எங்கள் வீட்டு ஆம்லெட்டில் சேர்ந்தது. அந்த நாட்களில் எங்கள் ஆம்லெட் கதிர்காமத்துச் சாமியாரின் காவி வேட்டி போல இருக்கும் என்று என் கணவர் கேலி செய்வார்.

நன்றாகத்தான் வந்தது. கடித்தால் மொறுமொறு என்று உடைந்து, முதலில் கறுவா, பிறகு லேசான இனிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு உறைப்பு. மச்சானே ஒத்துக்கொண்டார். தினமும் காலையில் சின்ன டின் ஒன்றில் ஒரு கைப்பிடி போட்டு வேனுக்குக் கொடுத்துவிடுவாள். அவரும் தேத்தண்ணிக் கடையில் ரோல்ஸை ஒதுக்கிவிட்டு டின்னைத் திறக்கிறார் என்று மற்ற வேன்காரர்களே சாட்சி சொன்னார்கள். அதுவரை எல்லாம் சரி. சிக்கல் வந்தது வாசத்தால். மலைச்சரிவில் வீடுகள் படிப்படியாக இருப்பதால் எங்கள் ஓவன் வாசம் நேரே மேல்வீட்டு முற்றத்துக்குப் போகும். கொஞ்சம் காற்று மாறினால் கீழ்வீட்டுக்கு இறங்கும். எங்கள் உம்மா எங்களை வளர்த்த முறையில், அடுப்பு வாசம் ஒரு வீட்டுக்குப் போனால் அடுப்பில் இருந்ததிலும் ஒரு பங்கு அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வாசத்தை மட்டும் அனுப்பிவிட்டுச் சாப்பிடுகிறவர்கள் மனிதர்களே இல்லை. ராத்தா இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஆகவே ஒவ்வொரு தடவை வறுக்கும்போதும் நீலக்கரை போட்ட பீங்கான் தட்டில் ஒரு பங்கு மேல்வீட்டுக்கு, இன்னொரு தட்டில் ஒரு பங்கு கீழ்வீட்டுக்கு.

மேல்வீட்டில் இருந்தவர் மாநகரசபையில் கிளார்க்காக இருந்தவரின் மனைவி. நாங்கள் அவரை அக்கா என்போம். திருநீறும் சிரிப்புமாக எப்போதும் கைநிறைய வேலை வைத்திருப்பவர். கீழ்வீட்டில் ஒரு சிங்கள அம்மா. இரண்டு வீட்டாரும் நல்லவர்கள், அதுதான் வில்லங்கம். வந்த தட்டை வெறுமனே திருப்பி அனுப்புவது அவர்கள் வீடுகளிலும் இல்லாத பழக்கம். கச்சான் போன தட்டில் அக்கா ரவா லட்டு வைத்து அனுப்பினார். அடுத்த தடவை பணியாரம். விரத நாட்களில் சர்க்கரைப் பொங்கல். கீழ்வீட்டுத் தட்டில் அலுவா, தொதல் என்று சிங்கள இனிப்புகள் வந்தன. அது எதுவும் ராத்தாவின் கண்ணில் பெரிதாகப் படவில்லை. காரணம், தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாங்கிவரும் வேலையை மச்சான் தானாகவே எடுத்துக்கொண்டார். "இந்தப் படியெல்லாம் ஏறி இறங்க உங்களுக்கு எனத்துக்கு? நீங்க இரிங்க, நான் குடுத்துட்டு வாரன்" என்பார். ராத்தா என்னிடம் பெருமையடித்துக்கொண்டாள். காலில் கட்டோடு படி ஏறுகிறார் பார், எனக்காகத்தான், என்று. மேல்வீட்டிலிருந்து இறங்கும் சீமெந்துப் படி ஒரு பலாமரத்தடியில் வளையும். அந்த வளைவில் நின்றால் எங்கள் வீட்டிலிருந்தும் தெரியாது, மேல்வீட்டிலிருந்தும் தெரியாது. வீட்டுக்கு வந்து சேரும் தட்டில் எப்போதும் ஒரே ஒரு லட்டுத்தான் இருக்கும். அதை ராத்தா எனக்குத் தந்துவிடுவாள்.

அடுத்த கிளினிக்கில் சீனி கூடியிருந்தது. அதற்கடுத்த தடவை இன்னும் கூடியிருந்தது. காயம் ஆறவில்லை; விரல் நுனி கறுக்கத் தொடங்கியிருந்தது. மிஸ்ஸி ராத்தாவைப் பிடித்து விசாரித்தார். என்ன கொடுக்கிறாய், எப்படிச் செய்கிறாய் என்று. ராத்தா தன் கச்சானைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். கித்துள் பாணி என்ற சொல் காதில் விழுந்ததுமே மிஸ்ஸிக்குப் போதுமாக இருந்தது. கச்சானில் பாணி பூசிக் கொடுத்தால் இப்படித்தான், புருஷனின் காலை நீயே வெட்டுகிறாய் என்று எல்லார் முன்னாலும் ஏசிவிட்டார்.   வீட்டுக்கு வந்த கையோடு ராத்தா பாணிப் போத்தலை எடுத்து என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் வறுத்த கச்சானில் பாணி ஒரு சொட்டும் இல்லை. கஜுவையும் நிறுத்தினாள். வெறும் உப்பும் கறுவாவும். தின்றால் மருந்துக்கடைச் சாமான் மாதிரி இருக்கும். அப்படியும் அடுத்த தடவை சீனி இறங்கவில்லை. ராத்தா இரவுச் சோற்றைக் குறைத்தாள், மாவை நிறுத்தினாள், தான் சாப்பிடும்போது அவர் பார்த்துவிடக் கூடாதென்று குசினிக்குள் நின்றபடி சாப்பிட்டாள். அந்த நாட்களில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. தான் ஏதோ பிழை செய்கிறோம், ஆனால் எதென்று தெரியவில்லை என்ற முகம்.

மச்சானைக் காட்டிக்கொடுத்தது எறும்பு. வேனில் வரும் ஒரு பிள்ளையின் தாய், முன் சீற்றில் எறும்பு கடித்துப் பிள்ளையின் கால் வீங்கிவிட்டது என்று ராத்தாவிடம் முறையிட்டாள். ராத்தாவுக்கு வேன் சுத்தம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை வாளியும் துணியுமாக இறங்கினாள். உதவிக்கு நானும் போனேன். எறும்பு வரிசை சீற்றுக்கு அடியிலிருந்து கிளம்பி முன்பக்கத்துப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தோம். வேன் கடதாசிகளுக்கு நடுவே வாழையிலைத் துண்டில் சுற்றிய லட்டு. அதற்குக் கீழே, எண்ணெய்க் கடதாசியில், ஒரு பாதி தின்ற தொதல். அக்கா தொதல் செய்ய மாட்டார், சிங்கள அம்மா லட்டுப் பிடிக்க மாட்டார். இரண்டு வீட்டுத் தட்டும் அங்கே ஒன்றாக இருந்தன. ராத்தா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. லட்டையும் தொதலையும் ஒரு தட்டில் எடுத்துவைத்து, உள்ளே போய், பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த மச்சானுக்கு முன்னால் வைத்தாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள். மச்சானுடைய வழக்கமான சிரிப்பு பாதி வந்து நின்றுபோனது. "சீனி கூடினதுக்கு நான் உங்கள ஏசல்ல" என்றாள் ராத்தா. "எல்லாருக்கும் நடுவுல என்ட கச்சானுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்தீங்களே. மிஸ்ஸி ஏசக்குள்ள நீங்க பக்கத்துல தானே நிண்டீங்க? ஒரு வார்த்த செல்லல்லயே." இவ்வளவுதான். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அன்றைக்குத்தான் வெட்கம் வந்தது என்று நினைக்கிறேன். விரலைப் பற்றி எத்தனையோ பேர் பயமுறுத்தியும் வராத பயம், அவள் குரலைத் தாழ்த்தியதும் வந்துவிட்டது. தானே அழுதுவிடுவதற்குள் ராத்தா எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலையிலேயே படி ஏறி மேல்வீட்டுக்குப் போனாள். கூட என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அக்காவிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். இனிமேல் தட்டை வெறுமனே தாருங்கள் என்றும் கேட்டாள். அக்காவுக்கு லட்டுச் செய்தி கேட்டுச் சிரிப்பு. தட்டுச் செய்தி கேட்டு முகம் மாறிவிட்டது. "ஐயோ, வெறுந் தட்ட எப்பிடிங்க ராத்தா குடுத்து வுடுறது? எங்க வீட்ல அந்தப் பழக்கமே இல்லீங்க. மனசுக்கு நல்லாவா இருக்கும்?" என்றார். "அவரு கால் உங்களுக்கு நல்லா இருக்க வேணாமா?" என்றாள் ராத்தா. அப்படியென்றால் கச்சானையே அனுப்பாதீங்க, நாங்க ஒன்னும் நினைக்க மாட்டோம் என்றார் அக்கா. "வாசம் உங்கட வீட்டுக்கு வந்துட்டுத்தானே இரிக்கி. அனுப்பாம எப்படி நான் இருக்கிற?" என்றாள் ராத்தா. இரண்டு பேரும் நியாயத்தை விட்டு இறங்குகிற மாதிரித் தெரியவில்லை. நான் நடுவில் நின்று வேலைக்குப் பிந்திக்கொண்டிருந்தேன். கடைசியில் ராத்தா முற்றத்துக் கறிவேப்பிலை மரத்தைக் கையால் காட்டினாள். "அதுல ஒரு கொத்து ஒடிச்சு வைங்க. இல்லாட்டி ரெண்டு தேசிக்கா. வெறுந் தட்டும் வேணாம், லட்டும் வேணாம்." அக்கா யோசித்தார். கறிவேப்பிலையைத் தட்டில் வைத்துக் கொடுப்பதா என்று அவருக்கு இன்னும் ஒப்பவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டார். கீழ்வீட்டுச் சிங்கள அம்மா இவ்வளவு கஷ்டம் தரவில்லை. அவர் புருஷனுக்கும் அதே வருத்தம். வல்லாரைக் கட்டுத் தருவதாகத் தானே சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் தட்டுகளில் புளிப்புக்குப் பிழிகிற தேசிக்காய், வல்லாரை, முருங்கையிலை, பச்சை மிளகாய் எல்லாம் வந்தன. சில நேரம் அக்கா, தோட்டத்தில் ஒன்றுமில்லை என்றால், பச்சைக் கச்சானையே ஒரு சுண்டு அளந்து தட்டில் கொட்டி அனுப்புவார். ராத்தா அதை வறுத்து மறுபடி அவருக்கே அனுப்புவாள். இந்த இரண்டு பேரும் ஒரே கச்சானை வைத்து ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று மச்சான் சொல்வார். ராத்தா பாணிப் போத்தலை என் வீட்டிலிருந்து திருப்பி எடுத்துக்கொண்டாள். கச்சானில் மறுபடியும் ஒரு கரண்டி சேர்ந்தது. அதே சமயம் மச்சானின் காலுக்குக் கட்டுப் போடும் பிளாஸ்டர் ரோலில் ஒரு துண்டு கிழித்து, போத்தலில் கச்சான் நிற்கும் மட்டத்துக்கு ஒட்டினாள். இதற்குக் கீழே இறங்கினால் எனக்குத் தெரியும் என்று சொல்லி, போத்தலை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். தினமும் கைப்பிடி எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிளாஸ்டரை உரித்து, பழைய பிசின் தடத்தைத் துடைத்துவிட்டு, புதிய மட்டத்தில் ஒட்டுவாள். காயம் மெல்ல ஆறத் தொடங்கியது. கறுத்த நுனி உரிந்து விழுந்தது, விரல் தப்பியது. கிளினிக்கில் மிஸ்ஸி மச்சானைப் பாராட்டினார். ராத்தா தன் கச்சானில் கொஞ்சம் கொண்டுபோய் மிஸ்ஸியின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். மன்னிப்புக் கேட்கவுமில்லை, கேட்கச் சொல்லவுமில்லை. தின்று பார்க்கட்டும் என்று மட்டும் சொன்னாள்.

ஒருநாள் நான் அவள் குசினியில் நிற்கும்போது பார்த்தேன். போத்தலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்த இடத்துக்குச் சற்று மேலே பிசின் தடம் ஒன்று பளபளத்தது. அதாவது யாரோ பிளாஸ்டரை உரித்துக் கீழே இறக்கி ஒட்டியிருக்கிறார்கள். நான் பெரிய கள்ளனைப் பிடித்த மாதிரி ராத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு என் வாயைப் பொத்தினாள். "எனக்குத் தெரியும் புள்ள. சும்மா இரு" என்றாள். "கொஞ்சம் களவெடுக்க விடணும். இல்லாட்டி வெளிய போய் லட்டுத் திம்பாரு. களவெடுக்கிறதுக்கும் சேத்துத்தான் நான் குறைச்சுக் குடுக்கிறன்." அவள் காலையில் கொடுக்கும் கைப்பிடி சின்னதாக இருந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பொய்யே சொல்லத் தெரியாதவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த என் ராத்தா, தினமும் ஒரு பிளாஸ்டர் துண்டை வைத்துப் புருஷனை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். இதைப் போல ஒரு புருஷன் பெண்சாதியை நான் கண்டதில்லை. எனக்கு அவர்கள் மேல் கொஞ்சம் பொறாமையும் வந்தது.

ராத்தா போன வருட மழைக்காலத்தில் மௌத்தானாள். காய்ச்சல் என்று படுத்தாள், டெங்கு என்றார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பக் கொண்டுவந்தது மய்யத்தைத்தான். சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை. வீட்டில் வருத்தக்காரர் என்று பெயர் எடுத்தவர் ஒருவர் இருக்க, வருத்தமே இல்லாதவள் போய்விட்டாள். எனக்கு அல்லாஹ்வின் மேல் கோபமாகக்கூட இருந்தது. பிறகு தௌபாச் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர்களுடைய மகள் குருநாகலையில் குடும்பமாக இருக்கிறாள். வந்து நின்று, மௌத்து வீட்டுக் கத்தம் ஓதி முடிந்து, தன் வாப்பாவைத் தன்னோடு கூப்பிட்டாள். மச்சான் போகவில்லை; வேனில் வரும் பிள்ளைகளை யார் ஏற்றுவது என்றார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். காலை ஓட்டம் முடிந்து வந்து, நானும் என் கணவரும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், மூடிவைத்த சோற்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார் என்றுதான் நினைத்திருந்தேன். சோற்றுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவைத்திருப்பார். அதனால் அவர் எவ்வளவு சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியாமல் போனது.

ஒரு பின்னேரம் அக்கா ராத்தாவின் நீலக்கரைத் தட்டைக் கொண்டுவந்து மச்சானிடம் கொடுத்தார். ராத்தா கடைசியாக அனுப்பிய கச்சானுடைய தட்டு அது, அவரிடமே தங்கிவிட்டிருந்தது. அதில் அவர் ரவா லட்டு வைத்திருந்தார். படியில் என்னைக் கண்டதும், "கோவிச்சுக்காதீங்க. அண்ணன் மொகத்தப் பாக்க முடியல. இதுல என்னத்தப் போய் கருவேப்பிலைய வைக்கிறது? வாய் நெறைய ஒரு நாளைக்கு இனிப்பு சாப்புடட்டுமே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.  நான் மனசுக்குள் பயந்தேன். தடுக்க ஆளில்லாத வீட்டில் தட்டு நிறைய லட்டு. இனி அந்தக் கால் என்னாகும் என்று அன்றைக்கெல்லாம் அதே நினைப்பு. இரண்டொரு நாள் கழித்து அவர் வேனில் போயிருந்த நேரம் வீட்டைக் கூட்டப் போனேன். லட்டுத் தட்டு மேசையில் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒன்று குறையவில்லை. தட்டின் நீலக்கரை தெரியாத அளவுக்கு எறும்பு மொய்த்திருந்தது.

அதே கிழமை கிளினிக்குக்கு அவரோடு நான் போனேன். சீனி கூடியிருக்கவில்லை. பயப்படும் அளவுக்குக் குறைந்திருந்தது. மாத்திரையைப் போட்டுவிட்டு ஒழுங்காகச் சாப்பிடாமல் இருக்கிறார், இப்படியே போனால் வேன் ஓட்டும்போது மயங்கிவிடுவார், பிள்ளைகள் ஏறுகிற வண்டி, ஓட்ட வேண்டாம் என்று நான் எழுதிவிடுவேன் என்றார் டொக்டர். வெளியே வாங்கில் உட்கார்ந்து அவரிடம் கேட்டேன். லட்டைக்கூட ஏன் தொடவில்லை? எத்தனை வருடம் அதற்காக ராத்தாவோடு கள்ளன் பொலிஸ் விளையாடினீர்கள்? மச்சான் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ ஒளிச்சு வைப்பா, நான் எடுப்பன். நான் எடுக்கிறது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் எண்டு எனக்கும் தெரியும்" என்றார். செருப்பு வாரைச் சரிசெய்துவிட்டு, "இப்ப யார்ட்ட இருந்து களவெடுக்கிற தங்கச்சி?" என்றார். நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், ஏதோ பெரிய வருத்தம் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முட்டையை உடைத்தேன். ராத்தாவின் கைப்பக்குவம் எனக்கு வராது. நுரை அவளுக்கு வந்த மாதிரி வரவில்லை. கறுவாவைக் கூடப் போட்டுவிட்டேன். பாணி ஒரு கரண்டிக்குச் சற்று மேலேயே விழுந்தது. அது கை தவறி விழுந்ததில்லை. வாசம் கிளம்பியதும் மேல்வீட்டிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். அவருக்கும் கீழ்வீட்டுக்கும் பங்கு போனது. மிச்சத்தை நன்றாக ஆறவிட்டு ராத்தாவின் போத்தலில் நிரப்பினேன். மச்சானுக்கு முன்னால்தான் எல்லாம் செய்தேன். புதுப் பிளாஸ்டர் ஒரு துண்டு கிழித்து மட்டத்துக்கு ஒட்டி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, ராத்தாவின் குரலில், அதாவது மேல்வீடு கேட்கச் சொன்னேன்: "இதுல நான் எடுத்துத் தாரதுதான் உங்களுக்கு. ஒண்டு குறைஞ்சாலும் எனக்குத் தெரியும்." போத்தலை எங்கள் குசினி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மச்சான் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

காலையில் கொடுத்தனுப்பும் கைப்பிடியைச் சின்னதாகவே வைத்தேன். ராத்தா மாதிரியே தினமும் பழைய தடத்தைத் துடைத்துவிட்டுப் பிளாஸ்டரைப் புதிய மட்டத்தில் ஒட்டினேன். வேலையால் வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் போத்தலைப் போய்ப் பார்ப்பேன். வைத்தது வைத்தபடி இருக்கும். ஏழு நாள், ஒரு கிழமை முழுக்கப் போனது. இது ராத்தாவோடு போன விஷயம், என்னால் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த நாளும் போத்தல் இருந்த இடத்திலேயே இருந்தது. கச்சான் சரியாகப் பிளாஸ்டர் மட்டத்தில்தான் நின்றது. ஆனால் பிளாஸ்டருக்குச் சற்று மேலே, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, பிசின் தடம் ஒன்று பளபளத்தது. நான் மூடியைத் தொடாமல் போத்தலை மேல்தட்டில் திரும்ப வைத்தேன்.  மறுநாள் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.